மெலி பேசே: ஜேர்மனியின் முதற் பெண் விமானி

1911ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 13ஆம் திகதி, பேர்லின் நகரின் தென்கிழக்கே உள்ள யொஹானிஸ்தால் என்னும் விமானத் திடலில் ஓர் இளம்பெண் பரீட்சைக்குத் தோற்றினார். அன்று அவருடைய இருபத்தைந்தாவது பிறந்த தினம். பெற்றோர் இட்ட பெயர் அமெலி ஹெட்விக் பேசே. உலகம் அறிந்த பெயர் மெலி பேசே.

அக்காலத்து விமானிப் பரீட்சை எத்தகையது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. திடலிலே இரண்டு கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். அவற்றிடையே உள்ள தூரம் 500 மீற்றருக்கு மேற்படலாகாது. அக்கம்பங்களைச் சுற்றி, 8 என்னும் இலக்கத்தின் வடிவில், இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்து ஐந்து கிலோமீற்றர் தூரம் பறத்தல் வேண்டும். இவ்வாறு இருமுறை பறந்தபின், 50 மீற்றர் உயரத்துக்கேனும் எழுந்து காட்டல் வேண்டும். இறங்கும்போது, நிலத்தைத் தொடும் வேளையில் இயந்திரத்தை நிறுத்தி, குறித்த இடத்திலிருந்து 50 மீற்றருக்குள் விமானத்தை நிற்கச் செய்தல் வேண்டும். இக்காலத்தார்க்கு இது ஒரு விளையாட்டுப்போலத் தோன்றலாம். ஆனால் அன்றைய விமானமோ மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு கட்டிய ஒரு கூடு. விமானியின் தலைக்கு மேலே கூரை இல்லை. முதுகிலே பாரசூட் இல்லை. சற்றே பலத்த காற்று வீசினால் அன்றைய பறப்பைக் கைவிட வேண்டியதுதான்.

மெலி பேசே சித்தியெய்தினார். அவருக்குக் கிடைத்த அனுமதிப் பத்திரத்தின் எண் 115. ஜேர்மனியில் அதற்கு முன் வழங்கப்பட்ட 114 பத்திரங்களும் ஆடவர் பெற்றவை.

உலக வரலாற்றில் விமானி உரிமை பெற்ற முதற்பெண் இவரல்லர். பிரான்சு நாட்டு ரேமொண்ட் டி லாரொஷ் என்னும் அம்மையார் 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் திகதியே அந்நாட்டின் பத்திரத்தைப் பெற்றுவிட்டார். ஆயினும் மெலி பேசேயின் கதை தனியே சொல்லத்தக்கது. பெண்ணொருத்தி வானத்தில் ஏறுவதைத் தடுத்தவை எவை, ஏறியவளை மீண்டும் நிலத்தில் இறக்கியவை எவை என்று ஆராய்வோர்க்கு, இவர் வாழ்க்கையைப்போல விளக்கம் தருவது வேறொன்றைக் காண்பது அரிது.

எல்பே நதிக்கரையிலே, திரெஸ்டன் நகரையடுத்த லௌபெகாஸ்ற் என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டு மெலி பிறந்தார். இளமையில் அவர் விரும்பியது விமானத்தையன்று, சிற்பத்தை. விமானம் என்ற பொருளே அன்று உலகில் இல்லை. சிற்பம் பயில விரும்பிய பெண்ணுக்கு ஜேர்மனியின் கலைக்கழகங்கள் கதவு திறக்கவில்லை. முதலாம் உலகப்போர் முடிந்த பின்னரே அவை பெண்களை மாணவராக ஏற்கத் தொடங்கின. ஆகவே மெலி பால்திக் கடலைக் கடந்து சுவீடன் நாட்டுக்குச் சென்று, 1906 முதல் 1909 வரை ஸ்ரொக்ஹோம் நகரத்து அரச கலைக்கழகத்திற் பயின்றார். தாய்நாட்டில் மூடிய கதவை அந்நிய நாட்டிலே தட்டித் திறந்துகொள்வது அவருக்கு இளமையிலேயே பழகிப்போயிற்று.

1909ஆம் ஆண்டோ ஐரோப்பா முழுவதும் பறப்பைப் பற்றியே பேசிய ஆண்டு. அவ்வாண்டு யூலை மாதம் 25ஆம் திகதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்திற் கடந்தார். செப்டெம்பரில் ஓர்வில் றைற் பேர்லினுக்கு வந்து தெம்பெல்ஹோவ் மைதானத்திற் பறந்து காட்டினார். அதே மாதத்தின் இறுதியில் யொஹானிஸ்தால் திடல் திறக்கப்பட்டது. திரெஸ்டனுக்குத் திரும்பிய மெலி, கணிதமும் இயந்திரவியலும் பற்றிய விரிவுரைகளைக் கேட்கலானார். கல்லையும் களிமண்ணையும் கையாண்ட கை காற்றாடியையும் சிறகையும் நாடிற்று. சிற்பிக்கும் விமானம் கட்டுவோனுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதினும் நெருங்கியது. வடிவத்தைக் கையினால் உணரும் பயிற்சி இருவர்க்கும் பொது.

1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் யொஹானிஸ்தாலுக்கு வந்தார். அந்த இடத்தை நேயர்கள் மனக்கண்ணிற் காண வேண்டும். காட்டை வெட்டித் திருத்திய பெரிய வெளி. ஓரத்திலே வரிசையாக மரக் கொட்டில்கள். ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு கனவு, ஒரு கடன். எதிரே பார்வையாளர் மேடை. ஞாயிற்றுக்கிழமைகளிற் பேர்லின் மக்கள் திரள் திரளாக வருவர்; காசு கொடுத்து உள்ளே சென்றோரும் உளர், வேலிக்கு வெளியே நின்று வானத்தை இலவசமாகப் பார்த்தோரும் உளர். ஆமணக்கெண்ணெய் எரியும் மணம் எங்கும் பரவியிருக்கும். அக்காலத்துச் சில இயந்திரங்களுக்கு அதுவே உராய்வு நீக்கும் எண்ணெய்.

அங்கே ஆசிரியர் பலர் இருந்தும், பெண்ணுக்குப் பயிற்சியளிக்க முன்வந்தவர் மிகச் சிலர். ஒருவாறு ரொபேட் தெலன் என்னும் விமானி அவரை மாணவியாக ஏற்றார். சில வாரங்கள் சென்றன. 1910ஆம் ஆண்டு டிசெம்பரில், ஆசிரியரும் மாணவியும் ஏறியிருந்த விமானம் விழுந்து நொறுங்கிற்று. மெலியின் கால் முறிந்தது. பல வாரங்கள் படுக்கையிற் கிடந்தார். எழுந்து வந்தபோது, விபத்துக்குட்பட்ட பெண்ணை மீண்டும் ஏற்றிச் செல்வது நல்லதன்று என்று கைவிரித்தோர் முன்னையினும் பலராயினர். ஓர் ஆடவன் விழுந்து எழுந்தால் அவனை வீரன் என்பர். ஒரு பெண் விழுந்து எழுந்தால் அவள் விழுந்ததையே நினைவில் வைத்திருப்பர் போலும்.

ஆயினும் அவர் இடத்தை விட்டு அகலவில்லை. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்குச் சென்று, ஈற்றில் ரும்ப்ளர் நிறுவனத்தின் விமானத்தைச் செலுத்தும் வாய்ப்பைப் பெற்றார். அந்நிறுவனத்தாரின் நோக்கம் முழுவதும் பெருந்தன்மை என்று கொள்ள வேண்டுவதில்லை. ஒரு பெண்ணே ஓட்டக்கூடிய விமானம் என்றால் அதனை வாங்க எவரும் அஞ்சார். விளம்பரத்துக்கு அதனினும் சிறந்த வழி யாது?

அந்த விமானத்தின் பெயர் தௌபெ. புறா என்பது பொருள். ஒஸ்திரிய நாட்டு ஈகோ எற்றிக் என்பவர் வகுத்த அமைப்பு அது. சாவகம் முதலிய தீவுகளின் காடுகளில் உயர்ந்த மரங்களிற் படரும் ஒரு கொடி உண்டு. அதன் விதைக்கு இருபுறமும் மெல்லிய சவ்வு சிறகுபோல விரிந்திருக்கும். காய் வெடித்ததும் அவ்விதை காற்றிலே வட்டமிட்டு வெகுதூரம் மிதந்து செல்லும். எற்றிக் தம் விமானத்துக்குச் சிறகு வகுத்தது அவ்விதையைப் பார்த்தே. பின்னோக்கி வளைந்த அச்சிறகுகள் காற்றில் தாமே சமநிலை தேடிக்கொள்வன. திரும்ப வேண்டுமாயின், விமானி தம் கையிலுள்ள சக்கரத்தைத் திருப்புவார். அதனோடு தொடுத்த கம்பிகள் சிறகின் நுனியை வளைக்கும். விமானம் ஒரு பக்கம் சாயும். எல்லாம் கம்பியின் இழுவையிலேயே தங்கியிருந்தன. ஒரு கம்பி தளர்ந்தால் விமானம் சொற்கேளாது.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மெலி பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த காலத்தில், அவருடைய விமானத்தின் செலுத்து கருவியிலே யாரோ கைவைத்தனர். தாங்கியிலிருந்த பெற்றோலையும் வடித்துவிட்டனர். செய்தவர் புறத்தேயிருந்து வந்த பகைவர் அல்லர். அதே திடலிற் பறந்த சக விமானிகள். பெண்ணொருத்தி பறந்துவிட்டால் பறத்தல் அத்துணை அரிய செயலன்று என்று மக்கள் நினைப்பர், தங்கள் புகழ் குன்றும் என்பது அவர்கள் அச்சம். பொறாமை மனிதரிடையே புதியதன்று. எனினும் கம்பியைத் தளர்த்துவதன் விளைவு யாதாகும் என்பதை அவ்விமானிகளைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. அவர்கள் விளையாடியது ஓர் உயிரோடு. அதனாலேயே, செப்டெம்பர் 13ஆம் திகதி அவர் பெற்ற பத்திரத்துக்கு அதில் அச்சிட்ட எண்ணிலும் பெரிய மதிப்பு உண்டு.

பத்திரம் கைக்கு வந்து இரண்டு கிழமைக்குள் யொஹானிஸ்தாலின் இலையுதிர்காலப் பறப்புப் போட்டிகள் தொடங்கின. மெலி பேசேயும் பெயர் கொடுத்தார். பெண்ணோடு போட்டியிட மாட்டோம் என்று சிலர் முறையிட்டனர். முறையீடு பலிக்கவில்லை. ஒரு பயணியையும் ஏற்றிக்கொண்டு அவர் 2 மணி 9 நிமிட நேரம் வானிலே நின்றார். 825 மீற்றர் உயரம் எழுந்தார். பெண் விமானியருள் அந்நாள்வரை எவரும் எட்டாத அளவு இது. பயணியோடு இரண்டு மணி நேரத்துக்கு மேற் பறப்பது அக்காலத்திற் பல ஆடவர்க்கும் கைகூடாத காரியம்.

அடுத்த ஆண்டு, அதாவது 1912இல், மெலி தமது பெயராலேயே ஒரு விமானப் பள்ளியை யொஹானிஸ்தாலில் நிறுவினார். பள்ளியோடு பட்டறையும் இருந்தது. ரும்ப்ளரின் புறாவைத் திருத்தித் தமக்கேற்ற புறாவொன்றை அமைத்தார். சிறகுகளைக் கழற்றி மடித்து எளிதில் எடுத்துச் செல்லத்தக்க விமானமொன்றுக்கும் திட்டம் வகுத்து உரிமைப் பதிவு பெற்றார். விமானத்தை ஓட்டியவர் என்பதோடு, அதனை வகுத்தவர், கட்டியவர், பிறர்க்குக் கற்பித்தவர் என்ற வரிசையிலும் அவரை வைத்தல் வேண்டும். அவரைப் பற்றி எழுதுவோர் பலர் முதற் பெண் விமானி என்பதோடு நிறுத்திக்கொள்வது குறைபாடே.

இம்முயற்சிகளில் அவருக்குத் துணைநின்றவர் சார்ல்ஸ் பூத்தார் என்னும் பிரெஞ்சு விமானி. 1913ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

கதை திரும்பும் இடம் இதுவே. அந்நாளில் ஜேர்மனியில் நடைமுறையிலிருந்த 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு ஜேர்மன் பெண் அந்நியனை மணந்தால் அக்கணமே ஜேர்மன் பிரசாவுரிமையை இழப்பாள். 1913ஆம் ஆண்டு யூலையில் நிறைவேறிய புதிய பிரசாவுரிமைச் சட்டமும் அவ்விதியை மாற்றாது வைத்துக்கொண்டது. பிரான்சின் சட்டமோ, பிரெஞ்சுக்காரனை மணக்கும் அந்நியப் பெண்ணைப் பிரெஞ்சுப் பிரசையாக்கிற்று. ஆகவே லௌபெகாஸ்றிற் பிறந்து, ஜேர்மனியின் 115ஆம் எண் பத்திரத்தைப் பெற்ற மெலி, திருமணப் பதிவேட்டிற் கையொப்பமிட்ட அன்றே பிரெஞ்சுக்காரியாகிவிட்டார். அவரை எவரும் விருப்பம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. ஜேர்மன் ஆடவன் பிரெஞ்சுப் பெண்ணை மணந்தால் அவன் ஜேர்மனியனாகவே இருப்பான். மனைவியே அவன் நாட்டுக்கு மாறுவாள். குடும்பத்துக்கு ஒரே நாடு, அது கணவனின் நாடு என்பது அக்காலத்துச் சட்ட அறிஞர் பெரும்பாலோரின் கொள்கை. இது ஜேர்மனிக்கு மட்டும் உரிய கொடுமையன்று. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அந்நாளில் இதே விதிதான்.

சமாதான காலத்தில் இவ்விதி பெரிதாக உறுத்துவதில்லை. மெலியும் பூத்தாரும் வேலையில் ஆழ்ந்திருந்தனர். நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் பறக்கும் படகு ஒன்றைக் கட்டினர். பால்திக் கடற்கரையில் வார்னமுண்டே என்னும் துறையில் 1914ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில் நீர்விமானப் போட்டி நடைபெறவிருந்தது. அப்படகு அதற்காகவே உருவாகிற்று. கைப்பொருள் யாவும் அதிலே செலவாயிற்று.

ஓகஸ்ற் 1ஆம் திகதி ஜேர்மனி ருசியாமீது போர் தொடுத்தது. 3ஆம் திகதி பிரான்சின்மீதும் போர் அறிவித்தது. போட்டி நின்றது. அது மட்டுமன்று, பூத்தார் இப்போது எதிரி நாட்டவர். அவர் மனைவியும் எதிரி நாட்டவரே. யொஹானிஸ்தால் இராணுவத்துக்குரிய இடமாயிற்று. தாம் பறந்த திடலுக்குள், தாம் கட்டிய பட்டறைக்குள், மெலி காலெடுத்து வைக்கவும் உரிமையில்லை. பூத்தார் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டார். விமானங்களும் கருவிகளும் கைவிட்டுப் போயின. பின்னர் கணவனும் மனைவியும் பேர்லினுக்கு வடமேற்கே விற்ஸ்ரொக் என்னும் சிற்றூரில் அதிகாரிகளின் கண்காணிப்பில் வாழவேண்டியதாயிற்று.

அந்நான்கு ஆண்டுகளில் விமானக்கலை அடைந்த மாற்றத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1914இல் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை ஒட்டிப் பறந்த விமானங்கள், போர் முடியும்போது இருநூறைத் தொட்டன. உலோகத்தாலான விமானங்களும் தோன்றிவிட்டன. மெலியோடு ஒரே திடலிற் பறந்தவர்கள் பலர் இக்காலத்திற் பெரும் தொழிலதிபராயினர். அக்கொட்டில்களில் ஒன்றிலிருந்து தொடங்கிய ஒல்லாந்து நாட்டு இளைஞர் அன்தனி போக்கரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. நடுநிலை நாட்டுப் பிரசையாகிய அவர் ஜேர்மன் படைக்கு விமானம் கட்டலாம். ஜேர்மன் மண்ணிற் பிறந்த மெலி தம் சொந்த விமானத்தைத் தொடவும் ஆகாது. ஓரிடத்திலே தொடங்கிய இருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரை ஒடுக்கியது திறமையின் வேறுபாடன்று என்பது வெளிப்படை.

போர் முடிந்ததும் தம்பதியர் பேர்லினுக்குத் திரும்பி, இழந்த உடைமைக்கு நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குள் ஜேர்மன் நாணயம் சரிந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டொலருக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்கு என்ற நிலை வந்தது. நீதிமன்றம் எத்தொகையை எழுதினாலும் பணம் கைக்கு வருமுன் அது வெறுங்காகிதமாகும் காலம் அது. வேர்சேய் உடன்படிக்கை ஜேர்மனியில் இராணுவ விமானப்படையை ஒழித்தது. 1922 வரை விமானக் கட்டுமானத்துக்கும் தடை இருந்தது. மீண்டும் பட்டறை திறக்க எண்ணிய மெலிக்கு இவ்வாறு இன்னொரு வழியும் அடைபட்டது.

அப்போதும் அவர் உள்ளம் பெரிய திட்டங்களையே நாடிற்று. விமானத்தில் உலகைச் சுற்றி வருவது, அப்பயணத்தைத் திரைப்படமாக்குவது என்று ஒரு முயற்சி தொடங்கினார். பொருளுதவி சேரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. உடல்நலமும் தளர்ந்தது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழலாயினர்.

1925ஆம் ஆண்டில் மெலி விமானி உரிமையைப் புதுப்பித்துக்கொள்ள முயன்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எல்லோருக்கும் முன்னே சென்றவர், இப்போது புதிய மாணவரைப்போல மீண்டும் பரிசோதனைக்கு நின்றார். புதிய விமானம், புதிய இயந்திரம். இடையிலே பதினோராண்டுப் பயிற்சியிழப்பு. இறங்கும்போது விமானம் சேதமடைந்தது. அவர் உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் அவர் மீண்டும் பறக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாள்களே இருக்கையில், பேர்லினில் ஒரு வாடகை அறையில் தனிமையிலே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 39. பேர்லின் நகரத்து ஷ்மார்கென்டோர்வ் மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மெலியின் துன்பத்துக்கு ஒரே காரணம் காட்டுதல் பொருந்தாது. உடல் நோவு, வறுமை, உடைந்த இல்வாழ்வு யாவும் அதிற் பங்குகொண்டன. ஆயினும் 1914ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவரை எதிரியாக்கிய விதி இல்லாதிருப்பின், அவர் பட்டறையும் பள்ளியும் அவர் கையிலேயே இருந்திருக்கக்கூடும். பெண் என்பதற்காகப் போர்க்காலத்திற் பறக்க விடாதிருந்திருப்பர் என்று ஒருவர் மறுத்துரைக்கலாம். அதுவும் உண்மையே, பிரான்சில் ரேமொண்ட் டி லாரொஷ் அம்மையார்க்கு நேர்ந்தது அதுதான். அவர் தம் சொந்த நாட்டில், சொந்தப் பிரசையாகவே இருந்தும், போர் நாள்களில் விமானத்திற் பறக்க அனுமதி பெறவில்லை; படையினரின் மோட்டார் வண்டியை ஓட்டினார். ஆனால் போர் முடிந்ததும் அவர் மீண்டும் வானத்துக்குத் திரும்ப முடிந்தது. 1919இல் ஒரு விமான விபத்தில் உயிர்நீத்தார். மெலிக்குத் திரும்பிச் செல்ல ஒரு கொட்டிலும் எஞ்சவில்லை.

மணத்தினாற் பெண்ணின் நாடு மாறும் விதி மெல்ல மெல்லவே தளர்ந்தது. அமெரிக்கா 1922இல் அதனைத் திருத்தத் தொடங்கிற்று. பிரான்சு 1927இல் மாற்றியது. பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதனை முற்றாக நீக்கியது. மேற்கு ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆடவரும் பெண்டிரும் சமவுரிமை உடையர் என விதித்து, அதற்கு முரணான பழைய சட்டங்களுக்கு 1953 மார்ச்சு 31ஆம் திகதி வரை தவணை கொடுத்தது. 1957ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய நாடுகள் சபை, மணமான பெண்களின் பிரசாவுரிமை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. மணமோ மணமுறிவோ, கணவன் தன் நாட்டை மாற்றிக்கொள்வதோ, மனைவியின் பிரசாவுரிமையைத் தானாகவே பாதிக்கலாகாது என்பதே அதன் முதல் விதி. அவ்வுடன்படிக்கை 1958ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. வார்னமுண்டேயில் நடவாது போன அந்தப் போட்டிக்கும் அதற்கும் இடையே சரியாக நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.